மேசையில் வைத்த பேச்சு

1

எங்கள் ஊர் வாட்ஸாப் குழுவில் எனக்கு ‘டைம் ஆபீஸ்’ என்று பெயர். இந்த ஜனவரியோடு கனடாவுக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. அந்தப் பெயர் மட்டும் விசா கேட்காமல் கூடவே வந்துவிட்டது. ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் ஏழு வருடம் டைம் ஆபீஸில் இருந்தேன். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், எப்போது வெளியே போனார்கள், யாருடைய அட்டையை யார் தேய்த்தார்கள் என்று பார்ப்பதுதான் வேலை. சம்பளம் வாங்கிக்கொண்டு சந்தேகப்படுகிற வேலை என்பாள் என் மனைவி. இப்போது சம்பளம் இல்லாமல் சந்தேகப்படுகிறேன்.

யாரை என்றால், ஊரில் எங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரை. பெயரும் கட்சியும் இங்கே வேண்டாம். எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் இதையேதான் செய்திருப்பேன்.

மாதத்தின் முதல் ஞாயிறு காலையில், விண்ட்சர் நகரத்து வீட்டில், காபியும் மடிக்கணினியுமாகச் சாப்பாட்டு மேசையில் உட்காருவேன். நாடாளுமன்றத்தின் இணையதளம் ஒரு பக்கம் திறந்திருக்கும். உறுப்பினர்களின் செயல்பாட்டைத் திரட்டித் தரும் இன்னோர் இணையதளம் மறுபக்கம். வருகை, கேள்வி, பேச்சு, வாக்கு என்று நான்கு கட்டங்களை நிரப்பிக் குழுவில் அனுப்புவேன். ஊரே அதற்காகக் காத்திருக்கிறது என்பது என் நினைப்பு. உண்மையிலேயே சிலர் காத்திருந்தார்கள், அதுதான் பிறகு வினையானது.

வருகைக் கட்டத்தில் முதல் சந்தேகம். காலையில் வந்து கையெழுத்திட்டால் உறுப்பினர் அன்றைக்கு வந்தவர். அதற்குப் பிறகு அவையில் உட்கார்ந்தாரா, கேன்டீனில் உட்கார்ந்தாரா, யாருக்குத் தெரியும்? எங்கள் கம்பெனியில் உள்ளே வரும்போது மட்டும் அட்டை தேய்த்தால் போதும் என்று ஒரு வாரம் விட்டிருந்தால் லைனில் ஈ கூட இருந்திருக்காது. கேள்விக் கட்டத்தில் இரண்டாவது சந்தேகம். ஒரே கேள்வி நாலைந்து உறுப்பினர்கள் பேரில் சேர்த்துப் போடப்பட்டிருக்கும். எழுதியது யார், எட்டிப் பார்த்தது யார் என்று கண்டுபிடிக்க முடியாது.

வாக்குக் கட்டம் ஒரு வருடம் முழுக்கக் காலியாகவே கிடந்தது. இங்கே கனடாவில் என் தொகுதி உறுப்பினர் எந்தச் சட்டத்துக்கு ஆதரவு, எதற்கு எதிர்ப்பு என்று பெயர் போட்டுப் பட்டியலே இருக்கிறது. அங்கே ஏன் இல்லை? இணையதளக்காரர்கள் மறைக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் விவரம் தெரிந்தது. பெரும்பாலான சட்டங்கள் அங்கே குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன. ஆதரிக்கிறவர்கள் ‘ஆம்’ என்று குரல் கொடுக்கிறார்கள், எதிர்க்கிறவர்கள் ‘இல்லை’ என்கிறார்கள், எந்தச் சத்தம் பெரிது என்று அவைத்தலைவர் சொல்கிறார், முடிந்தது. யாராவது விடாமல் வற்புறுத்தினால்தான் தலையை எண்ணுவார்கள். எங்கள் உறுப்பினர் குரல் கொடுத்தாரா, வாயை மூடிக்கொண்டிருந்தாரா, எங்கேயும் பதிவில்லை. பதிவில்லாத இடத்தில் எனக்கு மூச்சு முட்டும். அந்தக் கட்டத்தில் மாதாமாதம் ‘தெரியாது’ என்று எழுதி, சிவப்பு நிறம் கொடுத்தேன்.

2

என் மகள் யாழினி பத்தாம் வகுப்பு படிக்கிறாள். குடிமையியல் பாடத்துக்காக உங்கள் தொகுதி உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். ரயில் இன்னும் அடிக்கடி வர வேண்டும் என்று எழுதிப் போட்டாள். மூன்று வாரத்தில் கனமான தாளில் பதில் வந்தது. கீழே நீல மையில் கையெழுத்து. எனக்கு நம்பிக்கை இல்லை. விரலை நாக்கில் தொட்டுக் கையெழுத்தைத் தேய்த்துப் பார்த்தேன். மை கலையவில்லை.

“அச்சு. ஆயிரம் பேருக்கு இதேதான் போயிருக்கும்,” என்றேன்.

“அப்பா, என் லெட்டரை லிக் பண்ணாதீங்க ப்ளீஸ்,” என்று பிடுங்கிக்கொண்டு போனாள்.

அந்த வார ஞாயிறு என் மடிக்கணினியில் இருந்த நான்கு கட்டங்களை எட்டிப் பார்த்தாள். இது யாருடைய எம்.பி. என்று கேட்டாள். நம்முடையவர் என்றேன்.

“நீங்க அவங்களுக்கு வோட்டு போட்டீங்களா?”

“இல்லம்மா. எனக்கு இப்ப அங்க வோட்டு கிடையாது.”

ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு மண்டபத்தில் கையைத் தூக்கி உறுதிமொழி எடுத்து இந்த நாட்டுக் குடிமகன் ஆனேன். பிறகு பழைய கடவுச்சீட்டை ஒப்படைக்க வேண்டும். அதற்கு ஒரு விண்ணப்பம், அதற்கு ஒரு புகைப்படம். படத்தில் காது தெரியவில்லை என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது முறை காது தெரிந்தது. கடவுச்சீட்டு ‘ரத்து’ முத்திரையோடு, மூலையில் துளை போடப்பட்டு வந்தது. அலமாரியில் வைத்திருக்கிறேன்.

யாழினி திரையில் இருந்த பெயரைத் தொட்டுக் காட்டினாள். “அப்போ அது உங்க எம்.பி. இல்லையே அப்பா. அது கலை ஆன்ட்டியோட எம்.பி.”

ஆன்ட்டி இல்லை, அத்தை என்று திருத்தினேன். அவள் சொன்னதில் திருத்த எனக்குக் கிடைத்தது அது ஒன்றுதான்.

3

கலைவாணி என் தங்கை. கல்யாணமாகி குன்றத்தூரில் வாடகை வீட்டில் இருக்கிறாள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. பஸ் அவளைச் சாலைக்கு இந்தப் பக்கம் இறக்கிவிடும். கம்பெனி அந்தப் பக்கம். நடுவில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள், புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு வரும் நீள டிரெய்லர்கள், பெங்களூருக்குப் பறக்கிற பஸ்கள். நடுத் தடுப்பில் ஒரு ஆள் நுழைகிற அளவுக்குக் கம்பியை யாரோ எப்போதோ வளைத்துவிட்டிருக்கிறார்கள். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் நூற்றுக்கணக்கான பெண்கள் ஒரு கையைத் தூக்கிக்கொண்டே அந்த ஓட்டைக்கு ஓடுவார்கள். கை காட்டினால் லாரி நிற்கும் என்று ஒரு நம்பிக்கை.

கலையோடு ஒரே கம்பெனியில் இருப்பவள் மாரீஸ்வரி. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். போன மார்ச்சில் அந்த ஓட்டையில் நின்றுகொண்டிருந்தவளை ஒரு வண்டியின் பக்கக் கண்ணாடி தட்டிவிட்டுப் போனது. வலது காலில் கம்பி வைத்தார்கள். மூன்று மாதம் கழித்து வேலைக்குத் திரும்பியவள் மறுபடியும் அதே ஓட்டை வழியாகத்தான் கடந்தாள், இந்தத் தடவை நொண்டிக்கொண்டு. வேறு வழி ஏது?

அவள்தான் மனு எழுதினாள். அந்தச் சாலைச் சந்திப்பில் நடைமேம்பாலம் வேண்டும். கேன்டீன் வரிசையில் தாள் கைமாறிக் கைமாறி இருநூறுக்கு மேல் கையெழுத்து சேர்ந்தது. முதல் பெயர் மாரீஸ்வரி, இரண்டாவது பெயர் கலைவாணி. உறுப்பினரின் அலுவலகத்தில் கொடுத்து, முத்திரை குத்திய நகலும் வாங்கிவந்தார்கள்.

அன்றைக்குக் கலை எனக்குப் போன் செய்தாள்.

“ண்ணா, நீதான் எல்லாத்தையும் நோட் பண்ணிகினு கீறியே. எங்க மேட்டர அங்க பேசறாங்களா இல்லியான்னு பாத்து சொல்லு. பேசலன்னா நாங்க வேற எதனா வழி பாக்கணும்.”

பதினோரு வருடத்தில் அவள் என்னிடம் கேட்டது இது ஒன்றுதான். மற்றவர்கள் போன் கேட்டிருக்கிறார்கள், வாசனைத் திரவியம் கேட்டிருக்கிறார்கள், பையனுக்கு விசா கேட்டிருக்கிறார்கள். இவள் பார்த்துச் சொல்லு என்றாள். பார்த்துச் சொல்வதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கு ஒரே பெருமை.

4

மழைக்காலக் கூட்டத்தொடர் முடிந்ததும் உட்கார்ந்தேன். கேள்விகளை ஒன்றுவிடாமல் பார்த்தேன். நடைமேம்பாலம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பேச்சுக் கட்டத்தில் ஆறு பதிவுகள் இருந்தன. ஆகா, பரவாயில்லையே என்று திறந்தால், அவற்றில் நான்குக்கு எதிரே ‘மேசையில் வைக்கப்பட்டது’ என்று போட்டிருந்தது.

அது என்ன என்று தேடினேன். உள்ளூர்ப் பிரச்சினை எதையாவது அவையின் கவனத்துக்குக் கொண்டுவர உறுப்பினர்களுக்கு ஒரு விதி இருக்கிறது. நேரம் இல்லாதபோது எழுந்து படிக்கக்கூட வேண்டாம். எழுதிக் கொடுத்ததை மேசையில் வைத்தால் போதும், பேசியதாகவே பதிவேறும்.

எனக்கு உடம்பெல்லாம் விழித்துக்கொண்டது. வாயே திறக்காமல் பேச்சு! ஆள் வராமல் அட்டை மட்டும் வருவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஏழு வருடம் நான் வேட்டையாடியது இதைத்தான். பக்கத்து லைன்காரன் அட்டையையும் சேர்த்துத் தேய்க்கிற பிராக்ஸி பஞ்ச். நான்கையும் கணக்கிலிருந்து அடித்துவிட்டேன். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று திறந்து பார்க்கவில்லை. திருட்டு அட்டையில் என்ன பெயர் இருந்தால் என்ன என்கிற மனசு.

அந்த மாத அறிக்கையை ரசித்து எழுதினேன். ‘நம் சந்திப்புக்கு நடைமேம்பாலம்: பூஜ்யம். ஆறு பேச்சில் நான்கு பிராக்ஸி பஞ்ச். மனு வாங்கியது, முத்திரை குத்தியது எல்லாம் கண்துடைப்பு.’ உறுப்பினரின் பக்கத்தில் வருகிற படங்களையும் நம்பாதீர்கள், வேலிக்கு ஓணான் சாட்சி என்று ஒரு பழமொழியையும் சேர்த்தேன்.

குழு குதூகலித்தது. “டைம் ஆபீஸ்னா டைம் ஆபீஸ்தான்பா!” என்று முருகேசன் போட்டான். முருகேசன் என் பள்ளித் தோழன். இப்போது கலையின் கம்பெனிக்கு ஆள் அனுப்புகிற ஒப்பந்தக்காரரிடம் சூப்பர்வைசர். கலைக்கும் மாரிக்கும் லீவு கொடுப்பதும் மறுப்பதும் அவன் கையில்தான். என் அறிக்கை எங்கள் குழுவிலிருந்து ஹாஸ்டல் பெண்களின் குழு வரைக்கும் போனது.

5

இந்த இடத்தில் ஏழுமலையைச் சொல்லிவிட வேண்டும். ஒரகடத்தில் என்னோடு வேலை பார்த்தவர். தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் மூத்த ஆள். ஒரு காலை ஷிஃப்டில் அவர் இரண்டு அட்டைகளைத் தேய்ப்பதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டேன். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

“அவன் உள்ளதான் சார் கீறான். போய்ப் பாரு,” என்றார்.

நான் போய்ப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் என்ன? பதிவில் தப்பு நடந்துவிட்டது. எழுதிக் கொடுத்தேன். இரண்டு பேருக்கும் அந்த மாதத்து வருகை போனஸ் போனது. அந்த இன்னொருவர் விடியற்காலையிலேயே லாரியிலிருந்து அச்சுகளை இறக்க ஆள் போதாமல் சரக்கு வாசல் வழியாகக் கூப்பிடப்பட்டவர், நான் ஏழுமலையின் கையைப் பிடித்த நேரத்தில் அவர் இரண்டு மணி நேர வேலையை முடித்திருந்தார் என்று பிறகு தெரிந்தது. அறிக்கையைத் திரும்பப் பெறலாமே என்று மேலாளர் கேட்டார். அட்டையை வேறு ஆள் தேய்த்தது தேய்த்ததுதானே என்றேன்.

சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்குப் போகிற ஷேர் ஆட்டோவில் அதன்பின் ஏழுமலை என் பக்கத்தில் உட்கார்ந்ததே இல்லை. இடமில்லாவிட்டால் அடுத்த ஆட்டோவுக்கு நிற்பார்.

6

அக்டோபரில் ஒரு நாள் கலை கூப்பிட்டாள். நான் வேலைக்குக் கிளம்பிக் காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“ண்ணா, நெடுஞ்சாலைக்காரங்க வந்து பாத்துட்டு போய்ட்டாங்களாம்.”

“எப்போ?”

“போன வாரம். அதுக்கு முன்னாடியே மாரிக்கு லெட்டரு வந்துச்சு, மனு குடுத்தவங்க இன்ன தேதிக்கு ஸ்பாட்டுக்கு வாங்கன்னு. நாங்க யாரும் போவல.”

“ஏன் போகல?”

பின்னால் லாரி ஹாரன் கேட்டது.

“நீதானே கண்துடைப்புன்னு போட்ட. ஒரு நாள் லீவு போட்டா போனஸ் பூடும், எதுக்கு போவணும்னு பொண்ணுங்கல்லாம் சொல்லிட்டாங்க. நானும் சரின்ட்டேன்.”

அதிகாரிகள் பதினோரு மணிக்கு வந்திருக்கிறார்கள். ஷிஃப்டுக்கு நடுவில் அந்தச் சந்திப்பில் காக்கா கூட கடக்காது. மனு கொடுத்தவர்களும் இல்லை. கூட்டம் போதாது என்று குறித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஷிஃப்ட் நேரத்தை விட்டுவிட்டுப் பதினோரு மணிக்கு ஏன் வந்தார்கள் என்ற சந்தேகம் எனக்கு இன்றைக்கும் தீரவில்லை.

மாரி அந்தக் கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பினாள். அமைச்சரிடமிருந்து உறுப்பினருக்கு வந்த பதிலைச் சொல்லி ஆரம்பித்தது: அவையில் தாங்கள் முன்வைத்த விஷயம் தொடர்பாக. அவையிலா? எப்போது? நான் அடித்துவிட்ட நான்கு பதிவுகளையும் காருக்குள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்தேன். இரண்டாவதில் இருந்தது. எங்கள் சந்திப்பின் பெயர். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கடக்கும் பெண் தொழிலாளர்கள். நடுத் தடுப்பில் வளைந்த கம்பி. கால் முறிந்த ஒரு தொழிலாளி. மாரி கேன்டீனில் உட்கார்ந்து எழுதிய வாக்கியங்கள் ஒரு நாட்டின் அவை மேசை வரைக்கும் போயிருக்கின்றன. நான் அதைத் திருட்டு அட்டை என்று எழுதியிருக்கிறேன்.

ரொம்ப வெட்கமாக இருந்தது. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். நான் கண்ணால் கூடக் காணவில்லை.

திரும்பக் கூப்பிட்டேன். கலை ஸ்பீக்கரில் போட்டாள். மாரியின் குரல் வந்தது.

“அண்ணாச்சி, நீங்க படிச்சுப் பாக்காமலா அப்படிப் போட்டிய?”

ஆமாம் என்று சொன்னேன். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “சரி அண்ணாச்சி, விடுங்க. திரும்ப எழுதுவோம்,” என்றாள்.

அன்று மாலையே குழுவில் திருத்தம் போட்டேன். என் பிழை, பேச்சு உண்மையாகவே வைக்கப்பட்டது, நம் சந்திப்பைப் பற்றியதுதான் என்று தெளிவாக எழுதினேன். மூன்று பேர் கட்டைவிரல் போட்டார்கள். ஒருவரும் யாருக்கும் அனுப்பவில்லை. கண்துடைப்பு என்று எழுதினால் சிறகு முளைக்கிறது, தப்பு என் மேல் என்று எழுதினால் அது வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.

7

இரண்டாவது மனுவை மாரி எழுதினாள். இந்த முறை இடத்தைப் பார்க்க ஷிஃப்ட் மாறும் நேரத்தில்தான் வர வேண்டும் என்று அடிக்கோடிட்டு எழுதினாள். உறுப்பினரின் உதவியாளர் போனில் சலித்துக்கொண்டாராம்: “போன வாட்டி நீங்களே வரல, எங்கள இன்னா பண்ணச் சொல்ற?” மாரி விடவில்லை. வாரம் இரண்டு முறை போன் செய்தாள். டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் இரண்டரை மணி என்று தேதி வந்தது. மனுவின் முதல் இரண்டு பேரும் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

அந்த வாரம் மாரிக்குக் காலை ஷிஃப்ட். இரண்டரைக்கு வெளியே வந்துவிடுவாள். கலைக்கு இரண்டரைக்குத்தான் ஷிஃப்ட் ஆரம்பம். ஒரு மணி நேரம் தாமதமாக வரட்டுமா என்று முருகேசனிடம் கேட்டாள். வருஷக் கடைசி, டார்கெட் இருக்கிறது, நேரத்துக்கு வராதவர்கள் இனி வரவே வேண்டாம் என்றுவிட்டான்.

அந்தச் செவ்வாய், இங்கே காலை ஏழரை மணிக்கு, என் தேநீர் இடைவேளையில் போன் வந்தது. அங்கே மாலை ஆறு, கலைக்கும் அது கேன்டீன் இடைவேளை. மூச்சு வாங்கப் பேசினாள்.

“வந்தாங்கண்ணா! அவங்களே வந்தாங்க. உதவியாளரு மட்டும் வருவாருன்னு நெனச்சோம். நல்ல மழ. செருப்பெல்லாம் சேறு. மாரி கால காட்டுனா. கிராஸ் பண்ணிப் பாருங்கன்னு சொல்லிட்டா அவ, நேராவே!”

“பண்ணாங்களா?”

“பாதிவரைக்கும் வந்தாங்க. ஒரு டிரெய்லரு ஹாரன் அடிச்சான் பாரு, அப்படியே நின்னுட்டாங்க. முன்னாலயும் போவல, பின்னாலயும் போவல. மாரிதான் அவங்க குடைய புடிச்சி இஸ்துகினு போயி அந்தப் பக்கம் உட்டா.”

உறுப்பினர் இருபது நிமிடம் இருந்தாராம். அதிகாரிகள் கடக்கிறவர்களை எண்ணினார்கள், நாடா பிடித்து அளந்தார்கள், சாலையின் இரண்டு ஓரத்திலும் மஞ்சள் பெயிண்டில் பெருக்கல் குறி போட்டார்கள். கலையும் மாரியும் கையெழுத்துப் போட்டார்கள்.

“தேர்தல் கீர்தல் ஏதாவது வருதா?” என்று கேட்டேன். எனக்கு நாக்கு அப்படி.

“எதுக்கு வந்தா இன்னாண்ணா? வந்தாங்க இல்ல?” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “ண்ணா, உன் ரிப்போர்ட்ல என் பேர போட்டுறாத. நான் அப்போ லைன்ல இருந்தேன்.”

“லைன்லயா?”

“எங்க கம்பெனியில இன்னும் கார்டுதான். ஒரு பொண்ணு தேச்சிட்டா. நான் வர வரைக்கும் லைன் லீடர் அக்காவே என் எடத்துல நின்னாங்க. வாட்ச்மேன் அண்ணன் மூஞ்ச அந்தப் பக்கம் திருப்பிக்கினாரு.”

ஏழு வருடத்தில் நான் பிடித்த அட்டைகள் எத்தனை என்று எனக்கே தெரியாது. கையில் இருந்த தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன். சரி என்று சொன்னேன். அவளுக்கு அது போதவில்லை. “சத்தியமா?” என்றாள். சத்தியமா என்றேன்.

8

போன ஞாயிறு, வழக்கம்போல் உட்கார்ந்தேன். வெளியே பனி முழங்கால் அளவுக்குக் கிடந்தது. குளிர்காலக் கூட்டத்தொடரின் பதிவுகள் ஏறியிருந்தன. அந்தச் செவ்வாய்க்கிழமை அவை நடந்திருக்கிறது. எங்கள் உறுப்பினரின் பெயருக்கு எதிரே கையெழுத்து இல்லை.

அதாவது, பதிவுப்படி அன்றைக்கு உறுப்பினர் வேலைக்கு வராதவர். பதிவுப்படி அன்றைக்கு என் தங்கை வேலையில் இருந்தவள். இரண்டு பேரும் ஒரே மழையில் ஒரே சேற்றில் நின்றிருக்கிறார்கள்.

வெறுமனே ‘வரவில்லை’ என்று போட இந்த முறை மனசு வரவில்லை. ‘செவ்வாய்: அவையில் இல்லை. நம் சந்திப்பில், மழையில், இருபது நிமிடம் இருந்தார்’ என்று எழுதி அனுப்பினேன். பழைய தப்புக்கு ஒரு சின்னப் பரிகாரம் என்று நினைத்தேன்.

முதல் பதில் முருகேசனிடமிருந்து வந்தது. “யார் பாத்தா டைம் ஆபீஸ்? நீ கனடால கீற. ஆதாரம் இன்னா?”

அதற்குள் ஒருவர் உறுப்பினரின் பக்கத்திலிருந்து ஒரு படத்தை எடுத்துப் போட்டார். குடை, சேறு, லாரி, எல்லாம் இருந்தது. ஓரத்தில், துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு ஒருத்தி பாதி முகம் தெரிய நின்றிருந்தாள். அந்தத் துப்பட்டாவை எனக்குத் தெரியும். தீபாவளிக்கு நான் பணம் அனுப்பிக் கலை எடுத்தது.

“அவங்க பேஜ்ல அவங்க போட்டோவா?” என்று முருகேசன் எழுதினான். “வேலிக்கு ஓணான் சாட்சின்னு நீதானே சொன்ன. உண்மையில அன்னைக்குத்தான் எடுத்ததா? கூட நிக்கறது யாரு? சொல்லு, விசாரிச்சிடலாம்.”

அவனுக்கு உண்மையாகவே தெரிய வேண்டுமா, அல்லது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் வாய் பிடுங்குகிறானா? எனக்குத் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. மாரியின் பெயரைச் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. மாரி ஷிஃப்ட் முடிந்து வந்தவள், அவளுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் மாரி என்றால் அடுத்த கேள்வி, கூட யார் என்பதுதான். கலையும் அந்தக் குழுவில் இருக்கிறாள். அவள் படித்துவிட்டாள் என்று நீல நிறக் குறி காட்டியது. அவள் ஒன்றும் எழுதவில்லை.

‘என் தங்கச்சி பார்த்தாள்’ என்று அடித்தேன். அழித்தேன். ‘நம்பகமான ஒருவர்’ என்று அடித்தேன். ஆதாரம் கேட்டால் நம்பகமான ஒருவர் என்று சொல்கிறவனை நம்பாதே என்று அந்தக் குழுவுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அதையும் அழித்தேன்.

‘ஆதாரம் இல்லை’ என்று அனுப்பினேன்.

“அப்போ எடுத்துடு,” என்றான் முருகேசன்.

எடுத்தேன். அந்த வரியை நீக்கிவிட்டு ‘வரவில்லை’ என்று மாற்றி, சிவப்பு நிறம் கொடுத்து, மறுபடி அனுப்பினேன். டைம் ஆபீஸையும் வாங்கிட்டாங்களோன்னு பயந்துட்டேன்பா என்று யாரோ ஒருவர் சிரிக்கிற பொம்மை போட்டார். திருத்திய அறிக்கையைச் சிலர் மற்றக் குழுக்களுக்கும் அனுப்பினார்கள். நான் திறந்து படித்து, உண்மை என்ன என்று தெரிந்தும், தெரிந்தே தப்பாக எழுதிய முதல் பதிவு அது. உறுப்பினர் எனக்காக மழையில் நின்றவர் இல்லைதான், ஆனால் அந்தச் சிவப்பு எனக்கு உறுத்துகிறது. அது என் தங்கையின் வேலையை விடப் பெரிதா என்று கேட்டால், இல்லை.

மறுநாள் காலை கலையிடமிருந்து தனியாக ஒரு குரல் செய்தி வந்திருந்தது. பின்னால் லாரிகள் போகிற சத்தம்.

“ண்ணா, தேங்க்ஸ். இப்பதான் கிராஸ் பண்ணி வந்தேன். மஞ்ச பெயிண்ட் இன்னும் அழியல, அப்படியேதான் கீது.”

இரண்டு முறை கேட்டேன். அது எத்தனை நாள் அழியாமல் இருக்கும் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. தினம் பார்த்துச் சொல்லு என்று மட்டும் பதில் அனுப்பினேன்.